63 வயதில் ஆரம்பித்த உத்தியோகம்!

"கல்யாணம் ஆச்சு, குழந்தை பிறந்தது, அதோட என் படிப்பும் பரண்ல ஏறியாச்சு. இனிமே என்ன அக்கா இருக்கு?"

பக்கத்து வீட்டு இளம் தாய் ஒருத்தி, மடியில் இருந்த குழந்தைக்குப் பருப்பு சாதம் ஊட்டிக்கொண்டே இப்படிக் கேட்டாள். குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. முடிந்துபோன விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள். பி.ஏ.யில் சரித்திரம் எடுத்து நல்ல மார்க்கில் தேறியவள் அவள்!

அன்று அவளுக்கு நான் ஒரு கதை சொன்னேன். கதை என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன்; அத்தனையும் நடந்தது. நம்மைப் போலவே புருஷன், குழந்தைகள், வீடு என்று இருந்த ஒரு பெண்மணி, 63 வயதில் உலகத்து அகதிகளுக்கெல்லாம் பொறுப்பேற்ற வரலாறு அது. பெயர் சடாகோ ஒகாட்டா. ஊர் ஜப்பான்.

யார் இந்த அம்மையார்?

1927-ம் வருஷம் செப்டம்பர் மாதம் டோக்கியோவில் பிறந்தவர் சடாகோ. தகப்பனார் வெளிநாட்டுத் தூதரகங்களில் உத்தியோகம் பார்த்தவர். அதனால் சிறு வயது அமெரிக்காவிலும் சீனாவிலுமாகக் கழிந்தது. ஊர் விட்டு ஊர், பள்ளிக்கூடம் விட்டுப் பள்ளிக்கூடம், பாஷை விட்டுப் பாஷை. மாற்றல் உத்தியோகக்காரர் வீட்டுக் குழந்தைகளுக்கு இது நன்றாகப் புரியும்.

பெரிய இடத்துப் பெண்தான். கொள்ளுத் தாத்தா இனுகாய் சுயோஷி ஜப்பானின் பிரதம மந்திரியாக இருந்தவர். ஆனால், அந்தப் பெருமையோடு ஒரு துக்கமும் ஒட்டியிருந்தது. 1932 மே மாதம் 15-ந் தேதி, கடற்படையின் இளம் அதிகாரிகள் சிலர் அவர் வீட்டுக்குள் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ராணுவத்துக்குக் கடிவாளம் போட நினைத்ததுதான் அவர் செய்த குற்றம். அப்போது சடாகோவுக்கு நாலு வயது.

நம் நாடு ஏன் இப்படி யுத்தத்தை நோக்கி ஓடியது? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. யுத்தம் முடிந்து, டோக்கியோவில் பட்டம் பெற்று, அமெரிக்காவுக்குப் போய் மேல்படிப்பு படித்தபோது ஆராய்ச்சிக்கு அதையே எடுத்துக்கொண்டார். 1931-ல் ஜப்பானிய ராணுவம் மஞ்சூரியாவுக்குள் நுழைந்ததே, அந்த முடிவை எடுத்தது யார், எப்படி எடுத்தார்கள் என்பதுதான் விஷயம். இதற்காகக் கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் அவருக்கு 1963-ல் டாக்டர் பட்டம் கொடுத்தது.

நடுவில் 1960-ல் கல்யாணம். கணவர் ஷிஜூரோ ஒகாட்டா, பாங்க் ஆஃப் ஜப்பானில் அதிகாரி. ஒரு பையன், ஒரு பெண். குழந்தைகளை வளர்த்துக்கொண்டே கல்லூரியில் வகுப்பு எடுத்து வந்தார். இதற்கு மேல் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வாசலில் வந்த அழைப்பு

1968-ம் வருஷம். ஃபுசாயே இச்சிகாவா என்ற முதிய பெண்மணி சடாகோவிடம் வந்தார். ஜப்பானியப் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் போராடியவர் இவர். அந்த உரிமை கிடைத்து, பெண்கள் முதல் தடவையாக ஓட்டுச் சாவடிக்குப் போனது 1946-ல்தான். 'ஐ.நா. பொதுச் சபைக்குப் போகும் ஜப்பானியக் குழுவில் பெண்களும் இருக்க வேண்டும். நீ போ அம்மா' என்பது இச்சிகாவாவின் வேண்டுகோள்.

போவதென்றால் நியூயார்க்குக்குப் போக வேண்டும். வீட்டிலோ சின்னக் குழந்தைகள். சடாகோ தயங்கினார். யார்தான் தயங்க மாட்டார்கள்! ஆனால், குடும்பத்தார் தைரியம் சொன்னார்கள். 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வீட்டார் சொல்லும் அந்த ஒரு வார்த்தை ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு இவர் வாழ்க்கையே சாட்சி.

போனார். திரும்பி வந்து வீட்டைப் பார்த்தார். பாடம் நடத்தினார். 1976-ல், 48 வயதில், ஐ.நா.வில் உள்ள ஜப்பானியத் தூதுக் குழுவில் அமைச்சர் அந்தஸ்துள்ள பதவி தேடி வந்தது. அந்த இடத்தில் அமர்ந்த முதல் ஜப்பானியப் பெண் அவர்தான். பிறகு யூனிசெஃப் நிர்வாகக் குழுவுக்குத் தலைவரானார். 1979-ல் கம்போடிய அகதிகளின் நிலையை அறிய, ஜப்பான் அனுப்பிய குழுவுக்குத் தலைமை தாங்கித் தாய்லாந்து எல்லைக்குப் போனார். அதற்கப்புறம் மறுபடியும் டோக்கியோவில் பேராசிரியர் வேலை.

பாருங்கள், நேர்கோடாக ஏறிய ஏணி இல்லை இது. கொஞ்சம் வீடு, கொஞ்சம் வகுப்பு, கொஞ்சம் தூதரகம். மறுபடி வீடு, மறுபடி வகுப்பு. விட்டு விட்டுத்தான் நடந்தது. ஆனால், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எடுத்தார்.

1990 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை அவரை அகதிகளுக்கான உயர் ஆணையராகத் தேர்ந்தெடுத்தது. இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். முதல் ஜப்பானியரும் கூட. மற்றவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு பேரன் பேத்தியைக் கொஞ்சும் 63 வயதில், ஜெனீவாவில் புது உத்தியோகம்!

அந்த உத்தியோகம் என்னவென்றால்...

இரண்டாவது உலக யுத்தத்தில் ஐரோப்பாவில் வீடிழந்தவர்களுக்காக 1950 டிசம்பரில் ஏற்படுத்தப்பட்டது இந்த அலுவலகம். மூன்றே வருஷத்தில் வேலை முடிந்துவிடும், மூடிவிடலாம் என்று நினைத்தார்கள். முடிந்ததா? சடாகோ பதவி ஏற்றபோது சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர் அதன் நிழலில் இருந்தார்கள்.

தலைவருக்குப் பட்டாளம் கிடையாது. பெரிய கஜானாவும் கிடையாது. வரவில் பெரும் பகுதி, நாடுகள் மனமுவந்து தரும் நன்கொடை. வருஷா வருஷம் கேட்டு வாங்க வேண்டும். மாசச் சம்பளம் இவ்வளவு என்று நிச்சயமில்லாத வீட்டில், விருந்தாளி மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் குடித்தனக்காரிக்கு எப்படி இருக்கும்? அதுதான் அவர் நிலைமை. ஒரு மந்திரியிடம் எல்லையைத் திறக்கச் சொல்ல வேண்டும். இன்னொரு மந்திரியிடம் பணம் கேட்க வேண்டும். துப்பாக்கி பிடித்தவனிடம், "லாரியை விடப்பா" என்று சொல்ல வேண்டும். ராஜதந்திரம் என்றால் இதுதான்.

ஒரு முகாமுக்கு என்னென்ன வேண்டும் தெரியுமா? ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். 2,100 கலோரி அளவுக்குச் சாப்பாடு. கூரைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு, போர்வை, தண்ணீர்க் கேன், சமைக்கப் பாத்திரம். பத்து லட்சம் பேருக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும்!

எல்லைக்கு இந்தப் பக்கம்

பதவி ஏற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வளைகுடா யுத்தம் முடிந்து, 1991 ஏப்ரலில் ஈராக்கின் வடக்கே இருந்த குர்து மக்கள், சதாம் ஹுசைனின் ராணுவத்துக்கு அஞ்சி வீட்டை விட்டு ஓடினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஈரானுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் துருக்கி எல்லையை அடைந்தார்கள். துருக்கி கதவைத் திறக்கவில்லை. பனி மலையில், கைக்குழந்தைகளோடு, நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். 1951-ம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தப்படி, சொந்த நாட்டின் எல்லையைத் தாண்டி வந்தவர்தான் அகதி. தாண்டாதவர் அகதி இல்லை. 'சட்டப்படி இவர்கள் நம் பொறுப்பில் வர மாட்டார்கள். உள்ளே போய் உதவினால், எல்லையைத் திறக்க மறுக்கும் நாடுகளுக்கு அதுவே சாக்காகிவிடும்' என்று அலுவலகத்திலேயே அனுபவசாலிகள் பலர் எச்சரித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சடாகோ மலைக்கே போய்ப் பார்த்தார். பிறகு ஈராக்குக்குள்ளேயே அந்த மக்களுக்கு உதவுவதென்று முடிவு செய்தார். உயிர் போகாமல் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் என்பது அவர் கணக்கு. கூட்டு நாடுகளின் படை வட ஈராக்கில் பாதுகாப்புக் கொடுத்தது. மலையில் இருந்தவர்கள் வெகு சீக்கிரத்தில் ஊர் திரும்பினார்கள்.

சொந்த நாட்டுக்குள்ளேயே வீடிழந்து தவிப்பவர்களுக்கும் கை கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இன்று சாதாரணமாகிவிட்டது. அதற்குப் பெரிய அளவில் வழி போட்ட முடிவு அது.

குண்டு துளைக்காத சட்டையோடு

அடுத்து வந்தது போஸ்னியா. 1992-ல் சராயேவோ நகரத்தை செர்பியப் படை சுற்றி வளைத்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். 1992 ஜூலை முதல் 1996 ஜனவரி வரை, மூன்றரை வருஷம், விமானத்தில் சோறும் மருந்தும் போயின. சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் டன்! உலக சரித்திரத்தில் இவ்வளவு காலம் நீடித்த நிவாரண விமானப் போக்குவரத்து அதற்கு முன்பு இல்லை. குள்ள உருவம், நரைத்த தலை, மேலே கனமான குண்டு துளைக்காத சட்டை... இப்படி அந்த ஊர்த் தெருவில் இறங்கி நடந்தார் சடாகோ.

1993 பிப்ரவரியில் இன்னொரு சோதனை. கிழக்கே முற்றுகையில் இருந்த ஊர்களுக்கு செர்பியப் படை உதவி லாரிகளை விடவில்லை. அதைக் கண்டித்து, 'எங்களுக்கும் வேண்டாம்' என்று சராயேவோக்காரர்கள் உணவை மறுத்தார்கள். பசித்தவர்களின் சோற்றை வைத்து அரசியல் செய்கிறார்களே என்று சடாகோ கொதித்துப் போய், போஸ்னியாவின் பெரும் பகுதியில் நிவாரண வேலையையே நிறுத்தினார். 'இப்படிச் செய்யலாமா?' என்று உலகமே கேட்டது. ஐ.நா. பொதுச் செயலாளர் பூட்ரோஸ் காலி அந்த உத்தரவை மாற்றினார். சில நாளில் வேலை மறுபடி தொடங்கியது. அவர் செய்தது சரியா, தவறா? இன்றும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஆனால், அதற்கப்புறம் வழியை மறித்தவர்கள் மேல்தான் எல்லோர் கண்ணும் விழுந்தது.

சோறு மட்டும் காப்பாற்றாது என்பதையும் போஸ்னியா காட்டிவிட்டது. ஐ.நா.வே 'பாதுகாப்பான இடம்' என்று அறிவித்த ஸ்ரெப்ரெனிச்சாவில், 1995 ஜூலையில் சுமார் 8,000 ஆண்களும் பையன்களும் கொல்லப்பட்டார்கள். நிவாரணத்தால் மட்டும் இந்தத் துன்பங்களைத் தீர்க்க முடியாது, அரசியல் தலைவர்கள் தங்கள் பங்கைச் செய்தே ஆக வேண்டும் என்று சடாகோ போகிற இடமெல்லாம் சொன்னது வெறும் பேச்சில்லை; பட்டுத் தெரிந்துகொண்டது.

கோமாவில் பட்ட பாடு

அவர் வாழ்க்கையிலேயே கடினமான கட்டம் ஆப்பிரிக்காவில் வந்தது. 1994 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையில் சுமார் 8 லட்சம் பேர் மாண்டார்கள். கொன்ற கூட்டம் தோற்று ஓடியபோது, லட்சோப லட்சம் ஜனங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடியது. ஜூலை மாதம் சில நாட்களுக்குள் சுமார் பத்து லட்சம் பேர் அப்போதைய ஜயர் நாட்டின் கோமா என்ற ஊரில் வந்து விழுந்தார்கள்.

அது எரிமலைப் பூமி. தரையெல்லாம் கருங்கல்லாய் இறுகிய குழம்பு. கக்கூஸ் தோண்ட முடியாது. செத்தவர்களைப் புதைக்கவும் தோண்ட முடியாது. ஏரித் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். காலரா வந்தது, அதோடு சீதபேதியும். முதல் மாதத்தில் மட்டும் சுமார் 50,000 பேர் மாண்டதாகக் கணக்கு.

நோயை அடக்கியதும் இன்னொரு விபரீதம் தெரிந்தது. முகாம்களை ஆட்டி வைத்தது அந்தக் கொலைகாரக் கூட்டம்தான்! உதவி அரிசியும் மாவும் அவர்கள் கையில் போயின. ஊர் திரும்ப நினைத்தவர்களை மிரட்டினார்கள். ஆயுதக்காரர்களைப் பிரித்தெடுக்கப் படை அனுப்புங்கள் என்று சடாகோ கேட்டார். உலக நாடுகள் முன்வரவில்லை. 'கொலைகாரர்களுக்குச் சோறு போட மாட்டோம்' என்று சில தொண்டு ஸ்தாபனங்கள் கிளம்பிவிட்டன.

சடாகோ என்ன செய்வார்? முகாமில் பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். விட்டுப் போனால் அவர்கள் கதி? இருந்தால், அயோக்கியர்களுக்கும் சேர்த்துத்தான் சோறு. இரண்டு பக்கமும் பாவம். அவர் இருப்பதென்று முடிவு செய்தார். வேறு வழியில்லாமல் ஜயர் நாட்டுச் சிப்பாய்களையே சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைத்தார்.

1996 கடைசியில் அந்த முகாம்கள் தாக்கப்பட்டன. நவம்பரில் சில நாட்களுக்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ருவாண்டாவுக்குத் திரும்பி நடந்தார்கள். காட்டுக்குள் ஓடியவர்களில் பலர் அங்கேயே மடிந்தார்கள். இருந்தது சரியா, போயிருக்க வேண்டுமா என்று அவரைக் கேட்டவர்கள் அநேகம். சுகமான பதில் எதுவும் அவரிடம் இல்லை. இருப்பது போல அவர் நடிக்கவும் இல்லை.

பெண்களின் கண்ணால்

முகாமில் கக்கூஸ் எங்கே இருக்க வேண்டும்? விளக்கு எங்கே வேண்டும்? விறகு பொறுக்க எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது? ரேஷனை ஆண்கள் கையில் கொடுத்தால் அடுப்புக்கு வந்து சேருகிறதா? இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்கிறீர்களா? இருட்டில் தூரத்துக் கக்கூஸுக்குப் போகும் பெண்ணுக்குத் தெரியும் இது மானப் பிரச்னை, உயிர்ப் பிரச்னை என்று. அகதிப் பெண்களைப் பாதுகாப்பது எப்படி என்ற வழிமுறைகளை அலுவலகம் 1991-ல், அவருடைய முதல் வருஷத்திலேயே வெளியிட்டது. யுத்தம் ஓய்ந்ததும் போஸ்னியாவில் 1996-லும், பிறகு ருவாண்டாவிலும், பெண்கள் தொழில் செய்து தங்கள் காலில் நிற்கத் தனித் திட்டங்கள் வந்தன.

நமக்கும் இந்த அலுவலகம் அன்னியம் இல்லை. 1992-ல், தமிழகத்தில் இருந்த இலங்கை அகதிகள் ஊர் திரும்பத் தொடங்கியபோது, அவர்கள் மனம் விரும்பித்தான் போகிறார்களா, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டறிய இதன் அதிகாரிகள் சென்னையில் இருந்தார்கள். அக்கரையில், மன்னார் மாவட்டத்து மடுவில், ஓடி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு நிவாரண மையம் நடத்தியதும் இதே அலுவலகம்தான்.

ஓய்வு எப்போது?

பத்து வருஷம் இருந்துவிட்டு 2000-ம் வருஷக் கடைசியில், 73 வயதில், விடைபெற்றார். வீட்டில் போய் உட்கார்ந்தாரா? இல்லையே! நம் நாட்டுப் பொருளாதார மேதை அமர்த்தியா சென்னுடன் சேர்ந்து, மனிதப் பாதுகாப்பு பற்றிய ஆணையத்துக்குத் தலைமை வகித்தார். நாட்டுக்குப் பாதுகாப்பு என்றால் பட்டாளமும் பீரங்கியும் மட்டும் போதாது. ஒவ்வொரு வீட்டிலும் பசியில்லாமல், பயமில்லாமல், நோயில்லாமல் இருக்க வேண்டும் என்று 2003-ல் வெளிவந்த அந்த அறிக்கை சொன்னது. அதே வருஷம், 76 வயதில், ஜப்பானின் சர்வதேசக் கூட்டுறவு ஸ்தாபனத்துக்குத் தலைவரானார். 2012 வரை, 84 வயது வரை, அந்தப் பொறுப்பில் இருந்தார். 2019 அக்டோபரில், 92-வது வயதில் காலமானார்.

அவர் போய்விட்டாலும் வேலை முடியவில்லை. 2024 கடைசியில், உலகில் வீடு வாசலை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் 12 கோடிக்கு மேல்.

வீட்டுக்கு ஒரு பாடம்

கோமாவில் காலராவை எதிர்த்து நின்ற மருந்து எது தெரியுமா? உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்! இதன் அருமையை உலகத்துக்குக் காட்டியதும் ஓர் அகதி முகாம்தான், அதுவும் நம் நாட்டில். 1971-ல் வங்காளதேச அகதிகள் வந்து குவிந்த மேற்கு வங்காளத்துப் பன்காவ்ன் ஊரில், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு, நாலுக்கும் கீழே இறங்கியது!

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் முதலில். அது கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனில் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை துவண்டாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. குழந்தை வாயைத் துடைத்தாள். பிறகு மெதுவாக, "அந்தம்மாவும் சரித்திரம்தான் படிச்சாங்களா அக்கா?" என்றாள்.

"அவங்க ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிட்டது சரித்திரத்துல நடந்த விஷயத்தைத்தான்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் போனபோது, பரணிலிருந்து இறங்கிய புத்தகம் ஒன்று ஜன்னலோரம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? கொஞ்சம் ஏறித்தான் பாருங்களேன்!